ஏற்றத்தோடு மேலேறும் பாதை: எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் துடுப்புப் பயணம்

கேரளத்தின் சாலியாற்றில் ஆண்டுதோறும் ஒரு துடுப்புப் பயணம் நடக்கிறது. நிலம்பூரில் கயாக்கை இறக்குகிறவர்கள் மூன்று நாளில் 68 கிலோமீட்டர் கடந்து, ஆறு கடலில் சேரும் பேப்பூரில் கரையேறுகிறார்கள். வழிகாட்டியோடு போகும் வாடகைப் படகுப் பயணங்கள் உலகெங்கும் பெரும்பாலும் இந்த முறையில்தான் அமைகின்றன. வண்டி ஆளையும் படகையும் ஆற்றின் மேல்பகுதிக்குக் கொண்டுபோய் விடும். ஆறு அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

வடசென்னையில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. கொசஸ்தலையாற்றின் கடைசிப் பகுதியான எண்ணூர்க் கழியில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் உள்ளே ஏறுகிறது, இரண்டு முறை கடலுக்கு வற்றுகிறது. வற்றும் தண்ணீரோடு போனால் அது முகத்துவாரத்தில் கொண்டுபோய் விடும். அங்கே அலை உடைகிறது, மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, அருகிலேயே காமராஜர் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருகின்றன. ஆகவே இங்கே கடல் பக்கத்தில் படகை இறக்கி, ஏறுகிற தண்ணீரோடு உள்நாட்டுப் பக்கம் போக வேண்டும். வண்டி அங்கே காத்திருக்க வேண்டும். வடசென்னைப் பயணத்தின் மற்ற முடிவுகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

எந்தத் தண்ணீர்

சுமார் 136 கிலோமீட்டர் ஓடிவரும் கொசஸ்தலையாற்றில் 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஆற்றுநீர் பெரும்பாலும் அதற்குக் கீழே வருவதில்லை. எண்ணூரில் துடுப்புப் போட நீர் தருவது கடல்தான்.

இந்தக் கழியில் உல்லாசப் படகு ஓட்டுவது புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் எண்ணூரில் வீடு கட்டி, படகும் மீனுமாக ஓய்வெடுக்க வந்தார்கள். பாசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் 1806இல் பயன்பாட்டுக்கு வந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டு நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டபின், 1878இல் அந்தக் கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. விறகும் உப்பும் நெல்லும் அதில் படகேறி நகருக்கு வந்தன.

இன்றைய நிலையை மறைத்து எழுதுவது பயணிக்குச் செய்யும் துரோகம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கழியின் படுகை பல இடங்களில் மேடாகிவிட்டது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் வந்து படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊர்மக்கள் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தது.

ஆகவே தேர்வு இப்படி அமைய வேண்டும். கொருக்குப்பேட்டையிலிருந்து மணலி வரையிலான பக்கிங்காம் கால்வாயில் படகு இறக்கவே கூடாது. அது சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த நீர். எண்ணூர்க் கழி, நீந்தத் தெரிந்த பெரியவர்கள் உள்ளூர் மீனவர் துணையோடு இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்க்கத்தக்க இடம். குழந்தைகளோடு வருபவர்களும் முதன்முறை துடுப்பு பிடிப்பவர்களும் பழவேற்காடு ஏரிக்குப் போவது நல்லது.

மாதமும் காற்றும்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை தோதான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காலைக் காற்று அடங்கியிருக்கும், பூநாரைகளும் கூழைக்கடாக்களும் ஆழமற்ற நீரில் மேய்ந்துகொண்டிருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு வெயிலே பெரிய எதிரி. முற்பகல் முடியுமுன் கடற்காற்று எழுந்துவிடும். எதிர்க்காற்றில் கயாக் நகர மறுக்கும். எந்த மாதமானாலும் விடிந்ததும் இறங்கி, பத்து மணிக்குள் கரையேறுவது நல்லது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திட்டமே வேண்டாம். பூண்டியில் உபரிநீர் திறந்தால் அது எண்ணூர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. புழல் ஏரியின் உபரியும் இதே ஆற்றில் வந்து சேர்கிறது. மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கத்து மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்படும் நாட்களில் கழியின் போக்கு முற்றிலும் வேறு. ஜனவரியிலும்கூட, முந்தின வாரம் மதகு திறந்ததா என்று செய்தியில் பார்த்துவிட்டே தேதி குறிக்க வேண்டும். பெருமழை பெய்த பிறகு சில வாரங்கள் கழிவுநீர்க் கலப்பும் அதிகமாக இருக்கும்.

ஓதக் கணக்கு

சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை வைத்துத்தான் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஏற்றம் வரும் நேரம் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சென்னைக் கரையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அரைநிலாக் காலத்தில் அது அரை மீட்டருக்கும் குறைவு. புதிய காரியம் தொடங்க அஷ்டமி, நவமியை ஒதுக்குபவர்கள் உண்டு. துடுப்பு பிடிக்கப் பழகுபவருக்கோ அந்த நாட்களிலும் அடுத்து வரும் தசமியிலும்தான் தண்ணீரின் இழுப்பு சாது.

காலை ஒன்பது மணியை ஒட்டி உச்ச ஏற்றம் வரும் நாளைக் குறித்துக்கொண்டால், ஆறரைக்கு இறங்கி இரண்டரை மணி நேரம் ஏறுகிற தண்ணீரோடு போகலாம். களைத்தாலும், துடுப்பு கை நழுவினாலும், தண்ணீர் கடலுக்கு இழுக்காமல் உள்ளே தள்ளும். உச்ச ஏற்றம் தாண்டியும் தண்ணீரில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அட்டவணையில் உள்ள நேரம் துறைமுகத்துக்கானது. முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து கழிக்குள் ஏற்றம் தாமதமாக வரும். பழவேற்காட்டு ஏரிக்குள் இன்னும் தாமதம். எவ்வளவு தாமதம் என்று சொல்லக்கூடியவர் முந்தின நாள் அங்கே வலை போட்டவர் மட்டுமே.

படகும் குட்டி யானையும் ரயிலும்

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பெயர்பெற்ற கடலோரப் படகுக் குழாம்களான முட்டுக்காடு, முதலியார்குப்பம், பிச்சாவரம் மூன்றும் நகரத்துக்குத் தெற்கே இருக்கின்றன. அலைச்சறுக்குப் பயிற்சியும் கயாக்கும் கிடைக்கும் கோவளமும் அந்தப் பக்கம்தான். வடசென்னைப் பயணத்துக்குத் தெற்கிலிருந்து படகையும் பயிற்றுநரையும் வரவழைக்க வேண்டியிருக்கும். அதனால் வாடகை பேசும்போது ஐந்து செலவுகளைத் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: படகு வாடகை, பயிற்றுநர் கூலி, வண்டி வாடகை போகவர, உள்ளூர் துணைப்படகுக்காரரின் கூலியும் டீசலும், படகு சேதமானால் யார் பொறுப்பு என்பது. முன்பணம் தரும்போதே, வானிலை கெட்டுப் பயணம் நின்றால் அந்தப் பணம் என்னாகும் என்பதையும் பேசி முடிக்க வேண்டும்.

கயாக் என்பது இருபுறமும் அலகுள்ள துடுப்பால் தள்ளுவது, கேனோ ஒற்றை அலகுத் துடுப்பால் தள்ளுவது. இந்த நீருக்கு, மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த பிளாஸ்டிக் கயாக் பொருத்தமானது. கவிழ்ந்தாலும் தண்ணீர் நிறைந்து மூழ்காது, மேலே ஏறுவதும் எளிது. இருவர் ஓட்டும் கயாக் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். குட்டி யானை வண்டியில் நான்கைந்து படகுகளை அடுக்கலாம். இடையில் பழைய டயர் டியூபோ கோணியோ வைத்து, முன்னும் பின்னும் கயிறு கட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். விடிவதற்குமுன் திருவொற்றியூரைத் தாண்டாத வண்டிக்கு ஏற்றம் காத்திருக்காது.

ஆட்கள் போவதற்கு ரயில் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயில் எண்ணூர் நிலையத்தைத் தாண்டியதும் கழியைப் பாலத்தில் கடந்து அத்திப்பட்டு புதுநகரில் நிற்கிறது. எண்ணூரில் இறங்கிப் படகேறியவர்கள் பாலத்தையொட்டிக் கரையேறினால் திரும்பிப் போகவும் ரயில் பக்கத்திலேயே கிடைக்கும். படகையும் பையையும் மட்டும் வண்டி சுமந்தால் போதும், இரண்டாவது வேன் தேவையில்லை. மெட்ரோவில் வருபவர்கள் 2022இல் திறந்த விம்கோ நகர் பணிமனை நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

ஊரைக் கேட்டு இறங்குவது

முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் என்று கழியைச் சுற்றி ஊர்கள் இருக்கின்றன. இந்த ஊர்களின் மீனவர்களுக்குப் பிழைப்பு இந்தத் தண்ணீர்தான். தொழிற்சாலைகளால் ஏற்கெனவே சுருங்கிப்போன மீன்பிடி இடத்தில் பத்துப் பேர் வண்ண வண்ணப் படகோடு முன்னறிவிப்பின்றி இறங்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு வாரத்துக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தாரையோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரையோ நேரில் போய்ப் பார்க்க வேண்டும். என்றைக்கு, எத்தனை பேர், எங்கிருந்து எங்கே என்று சொல்ல வேண்டும். துணைக்கு ஒரு ஃபைபர் படகு வேண்டும், அன்றைய தொழிலை விட்டு வருபவருக்கு முழு நாள் கூலி தருவோம் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். வயதில் மூத்தவரை 'அண்ணே' என்றோ 'ஐயா' என்றோ அழைத்து, "எங்கே இறங்கினா உங்களுக்குத் தொந்தரவு இல்லை?" என்று கேட்டுத் தொடங்கினால் மற்றது தானே நடக்கும். இறங்கும் இடத்தையும் கரையேறும் இடத்தையும் அவர்களே காட்டட்டும். கடற்காவல் குழுமத்திடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் எழுத்தில் தகவல் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

தண்ணீரில் இரண்டு மரியாதைகள் உண்டு. மிதவை வரிசை தெரிந்தால் வலையின் முனையைச் சுற்றிப் போக வேண்டும், துடுப்பால் வலையைத் தூக்கக் கூடாது. கழுத்தளவு நீரில் பறியோடு உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் இருப்பார்கள். தலை மட்டுமே வெளியே தெரியும். அவர்களைக் கண்டால் துடுப்பை நிறுத்தி, குரல் கொடுத்து, தள்ளிப் போக வேண்டும்.

எண்ணூரில் ஒரு காலை

ஆறு மணிக்குக் கரையில் கூடி, உயிர்காப்பு அங்கி மாட்டி, ஆள்கணக்கு எடுத்து, ஆறரைக்கு இறங்குவது நல்ல தொடக்கம். உள்ளூர்க்காரரின் படகு முன்னே போகும், பயிற்றுநர் கடைசியில் வருவார். யாரும் அந்த இருவருக்கும் இடையிலிருந்து விலகக் கூடாது. முகத்துவாரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்கே திரும்பினால் ஒருபுறம் அலையாத்திப் புதர்கள், மறுபுறம் சாம்பல் படிந்த திட்டுகள். சாம்பல் திட்டில் கால் வைக்கக் கூடாது. மேலே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே முழங்கால்வரை புதையும்.

ரப்பர் அடி உள்ள, முன்பக்கம் மூடிய காலணி கட்டாயம். 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்லும் சிப்பி சில ஆண்டுகளாகக் கழிப் படுகையில் கம்பளம்போலப் படர்ந்துவிட்டது. தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி இறால் தங்கும் சேற்றை மூடிவிட்டது, இறால் தடவுபவர்களின் கையையும் காலையும் கிழிக்கிறது. இந்த நீரில் படும் வெட்டுக்காயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டே வர வேண்டும். ஏற்கெனவே ஆறாத புண் உள்ளவர் கரையிலேயே இருப்பது நல்லது.

வழியில் உயர் அழுத்த மின்கம்பிகளும் குழாய்ப் பாலங்களும் குறுக்கே போகின்றன. ஏற்றம் உச்சத்தை நெருங்கும்போது குழாய்களுக்கு அடியில் தலை இடிக்கும் அளவுக்கு இடம் குறையலாம். துணைப்படகுக்காரர் கைகாட்டிய பிறகே நுழைய வேண்டும். அனல்மின் நிலையத்தின் வெந்நீர் வெளியேறும் இடத்தை நெருங்கக் கூடாது. துறைமுகம், மின் நிலையம் இருக்கும் திசையில் கேமராவையும் டிரோனையும் நீட்டினால் பாதுகாப்புக் காவலர்கள் தடுப்பார்கள். பறவைகளும் கண்டலும் படமெடுக்க ஏராளமாக இருக்கின்றன. மூக்கைத் துளைக்கும் நெடியோ கண்ணெரிச்சலோ தெரிந்தால், ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிக் கரையேற வேண்டும்.

எட்டரையிலிருந்து ஒன்பது மணிக்குள் ரயில் பாலத்தையொட்டிப் பயணம் முடிந்துவிடும். துடுப்பு தெரிந்தவருக்கு இந்தத் தூரம் குறைவாகத் தோன்றும். வலைக்காரர்களுக்கு வழிவிட்டு, பறவை பார்த்து, உள்ளூர்க்காரர் சொல்லும் கதை கேட்டுப் போனால் நேரம் சரியாக இருக்கும்.

பழவேற்காட்டில் ஒரு நாள்

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பொன்னேரி வரை ரயிலில் வந்து அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வழியாகப் பக்கிங்காம் கால்வாயிலேயே பழவேற்காடு போக ஆசைப்படுபவர்கள் உண்டு. நேர்கோட்டிலேயே இருபது கிலோமீட்டர் தாண்டும் அந்தப் பாதை துறைமுகங்களை ஒட்டிப் போகிறது. முழுப் பகலும் பிடிக்கும், ஓதமும் நடுவில் திரும்பிவிடும். வாடகைப் படகுக் குழுவுக்கு அது ஏற்றதல்ல.

பறவைகள் சரணாலயப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். பாடு என்ற பெயரில் இன்ன ஊர் இன்ன நாளில் இன்ன இடத்தில் சுத்துவலை போடும் என்ற முறை இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அன்றைய பாடு யாருடையது என்று கேட்டு அந்த இடத்தை விட்டு ஒதுங்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்களுக்கே தடை வரும். தேதி குறிக்குமுன் அதையும் பார்க்க வேண்டும். காலையில் துடுப்பு முடித்தவர்கள் வெயில் நேரத்தில் 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தையும், எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம்.

அங்கியும் ஆள்கணக்கும்

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனாலும் 2011 கிறிஸ்துமஸ் நாளில் இதே ஏரியில் உல்லாசமாகப் போனவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி யாரிடமும் இல்லை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் இருட்டிய பிறகு ஓடிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மீறிய கூட்டத்தோடு கவிழ்ந்து அங்கேயும் 22 உயிர்கள் போயின. இரண்டிலும் தப்பக்கூடிய வழி இருந்தது.

அதனால் மூன்று விதிகளைத் தளர்த்தவே கூடாது. அங்கி மாட்டாதவர் படகில் ஏறக் கூடாது. நீச்சல் வீரருக்கும், துணைப்படகு ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். துணைப்படகில் கவிழ்ந்தவர்களை ஏற்றிக்கொள்ள எப்போதும் இடம் காலியாக இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த உறவினர்களால் அதை நிரப்பக் கூடாது. வெளிச்சம் மங்கியபின் தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது. கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறும் பயிற்சியை ஒரு வாரம் முன்பே நீச்சல் குளத்திலோ கோவளத்திலோ முடித்துவிட்டு வர வேண்டும். எண்ணூர் நீர் அதற்கான இடமல்ல.

கழுத்தில் விசில், நீர்புகாப் பையில் போன், ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். கடற்காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108 என்ற எண்களைத் துடுப்பின் தண்டிலேயே அழியாத மையில் எழுதிவிடலாம். முந்தின மாலை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால், எண் எதுவானாலும், பயணம் ரத்து.

கரையேறிய பிறகு

வண்டியில் நல்ல தண்ணீர் கேன்கள் நான்கு இருக்க வேண்டும். கை, கால், முகம் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீயும் டிபனும் கூடாது. அடுத்த இரண்டு வாரங்களில் காய்ச்சல் வந்தால், கழிநீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; எலிக்காய்ச்சலை அவர் யோசிப்பதற்கு அந்தத் தகவல் உதவும். துணைப்படகுக்காரரின் கூலியை அங்கேயே, பேசியபடி, கையில் கொடுத்துவிட வேண்டும்.

கடைசி வேலை படகு கழுவுவது. காக்கா ஆழியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதக்கும். கயாக்கின் அடிப்பகுதி, இருக்கை இடுக்கு, கயிறு, காலணி எதில் ஒட்டிக்கொண்டாலும் அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். ஆகவே படகைக் கவிழ்த்து, உள்ளே தேங்கிய நீரைக் கரையிலேயே வடித்து, சேற்றைத் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரால் அலசி, சில நாள் வெயிலில் முழுதும் காய விட வேண்டும். அதற்குப் பிறகே அதை முட்டுக்காட்டிலோ பிச்சாவரத்திலோ இறக்க வேண்டும். வாடகைக்காரரிடம் இதை முன்பே பேசி, காய வைக்கும் நாட்களுக்கும் சேர்த்து வாடகை கொடுப்பது நியாயம்.